கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை வளையங்கள்

சென்னையில் போர் தண்ணீரை நம்பியிருக்கும் ஏதாவது ஒரு அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பகல் வெளிச்சத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். வாங்கி மூன்று நான்கு மாதமே ஆன வண்டிகள் வரிசையாக நிற்கும். பெயின்ட் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே, சக்கரத்தைச் சுற்றி வளைந்து வரும் கறுப்பு பிளாஸ்டிக், கதவின் அடிப்பகுதி, பம்பரின் அடிப்பாகம், வைப்பருக்குக் கீழே ஓடும் பட்டை இவை மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். கிட்டப் போய்க் குனிந்தால் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம் தெரியும். தவணை கட்டி ஆசையாக வாங்கிய வண்டி. பார்க்கும்போதே மனசு சங்கடப்படும்.

இந்தக் கறை போகும். வண்டிக்கு எந்தச் சேதமும் இல்லாமலே போகும். ஆனால் அதைப் போக்குவதாகச் சொல்லி ஊரில் நடக்கும் வேலைகளில் பாதிக்கு மேல் கறையை மறைக்கிற வேலைகள்தான். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு அதுதான் காரணம்.

அக்கா வீட்டில் தை மாதம் வண்டி எடுத்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் நான்கு சக்கர வளைவிலும் வளையங்கள் வந்துவிட்டன. மாமா தொலைபேசியில் அழைத்து, "மாப்ளே, பிளாஸ்டிக் இப்பவே வெளுத்துப்போச்சு. மட்டமான பிளாஸ்டிக்கா போட்டு ஏமாத்திட்டானுங்களா?" என்று கேட்டார். நேரில் போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் வெளுக்கவில்லை. அதன் மேல் சுண்ணாம்பு படிந்திருந்தது.

வெளுப்பதும் படிவதும் வேறு வேறு. வண்டியின் வெளிப்புறத்தில் பெயின்ட் அடிக்காமல் விடும் இந்தக் கறுப்புப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அது உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுப்பதற்காக ரப்பர் கலப்பார்கள். விறைப்பாக நிற்பதற்கு டால்க் தூள் சேர்ப்பார்கள். கறுப்பு நிறம் கரித்தூளால் வருவது. கரித்தூள் வெயிலின் புற ஊதாக் கதிரையும் தாங்கிக்கொள்ளும். அப்படியும் பல வருட வெயிலில் மேல்தோல் சிதைந்து பொடிப் பொடியாக வெளுக்கத்தான் செய்யும், ஆனால் மூன்று மாதத்தில் அது நடக்காது. மேலும் வெயிலில் வெளுத்தால் வெயில் படுகிற பக்கம் முழுக்க ஒரே சீராக வெளுக்கும். வட்டம் போட்டு வெளுக்காது.

வளையம் இருந்தாலே அது தண்ணீர்க் கறை என்று கிட்டத்தட்ட முடிவு கட்டிவிடலாம். ஒரு சொட்டு காயும்போது அதன் ஓரம் பிளாஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு நகராமல் நிற்கிறது. ஓரத்தில் ஆவியாவது வேகமாக நடப்பதால், அங்கே குறையும் தண்ணீரை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது. கரைந்திருந்ததெல்லாம் கூடவே போய் ஓரத்தில் சேர்கிறது. காபி சிந்திய மேஜையில் ஓரம் மட்டும் அடர்த்தியாகக் கறை நிற்பதற்கும் இதே காரணம்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ந்து 1997-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். தினமும் கண்ணில் படுகிற ஒரு விஷயத்தை விளக்க அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இனி அந்தச் சொட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஆர்.ஓ. மெஷினுக்குத் தண்ணீர் பார்க்க வருபவர்கள் கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பார்கள். பேனா அளவுதான் இருக்கும், விலையும் அதிகமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று அது தோராயமாகச் சொல்லும். குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, இந்த அளவு 500 வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. சுண்ணாம்பும் மெக்னீசியமும் சேர்ந்த கடினத்தன்மைக்கு 200, வேறு வழியில்லையென்றால் 600.

அக்கா வீட்டுப் போர் தண்ணீர் 1,500-ஐ ஒட்டி வந்தது. அப்படியென்றால் ஒரு லிட்டர் முழுவதும் காய்ந்தால் ஒன்றரை கிராம் மிஞ்சும். வண்டியைக் கழுவி, துடைக்காமல் விட்டால் அங்கங்கே சொட்டாக நிற்பது எல்லாம் சேர்த்து அரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். முக்கால் கிராம் உப்பை வண்டி மேல் நாமே தூவுகிற கணக்கு. வாரம் இரண்டு தடவை கழுவுகிறவர்கள் மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரில் வெறும் சமையல் உப்பும் நிறைய இருக்கும். அது காய்ந்தாலும் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் நல்ல தண்ணீர் பட்டதும் கரைந்து போய்விடும். பிடிவாதம் பிடிப்பது சுண்ணாம்புதான். நிலத்தடி நீரில் அது கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகும்போது கார்பன் டை ஆக்சைடும் கூடவே வெளியேறிவிடுகிறது. பாக்கி நிற்பது கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல். கீசர் காயிலில் ஓடு கட்டுவதும் பாத்ரூம் குழாயின் வாயில் வெள்ளையாகப் படிவதும் இதேதான். இது தண்ணீரிலும் ஷாம்புவிலும் கரையாது. எத்தனை அழுத்தித் தேய்த்தாலும் கல் கல்லாகவே நிற்கும். கோவையில் சிறுவாணித் தண்ணீரில் வண்டி கழுவுகிறவர்களுக்கு நான் சொல்வது பாதி புரியாது. அந்தத் தண்ணீர் மென்மையானது. ஆனால் அதே கோவையில் போர் போட்ட வீட்டுக்காரரைக் கேளுங்கள், தெரியும்.

பெயின்ட்டில் படிவதைவிடப் பிளாஸ்டிக்கில் படிவது ஏன் இவ்வளவு கண்ணை உறுத்துகிறது? பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைத் தோல் போலச் சொரசொரப்பாக வார்த்திருக்கிறார்கள். அந்தச் சின்னச் சின்னக் குழிகளில் தண்ணீர் தங்குகிறது, காய்கிறது, கல்லாகிறது. துணி மேட்டை மட்டும் துடைத்துவிட்டுப் போகும், குழிக்குள் இறங்காது. கறுப்பு நிறம் வெயிலை முழுக்க வாங்கிக்கொண்டு கை வைக்க முடியாத அளவு சூடாவதால் சொட்டு கீழே வழிவதற்கு முன்னாலேயே காய்ந்தும் விடுகிறது.

இப்போது மறைக்கிற வேலைகளுக்கு வருகிறேன். தேங்காய் எண்ணெய் தடவுவது, டயர் பாலிஷ் அடிப்பது, டீசல் துணியால் துடைப்பது. எது தடவினாலும் உடனே கன்னங்கரேலென்று ஆகும். அந்த மாற்றத்தைப் பார்த்தவர்கள் கறை போய்விட்டது என்றே நம்புவார்கள். நடப்பது என்னவென்றால், சுண்ணாம்புப் பொடிகளுக்கு நடுவில் இருந்த காற்றை விரட்டிவிட்டு அந்த இடத்தை எண்ணெய் நிரப்புகிறது. காற்று இருந்தபோது ஒளி எல்லாப் பக்கமும் சிதறியதால் வெள்ளையாகத் தெரிந்தது. எண்ணெய் புகுந்ததும் சிதறல் குறைந்து கீழே இருக்கும் கறுப்பு தெரிகிறது. கல் அங்கேயேதான் இருக்கிறது. வெறும் தண்ணீர் பட்டாலும் இதுவே நடக்கும். அதனால்தான் ஈரமான வண்டியில் கறையே தெரிவதில்லை. எண்ணெய் போனதும் வளையம் திரும்ப வரும், அதுவரை தெருப்புழுதி முழுக்க அந்த எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். டீசல், பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் எல்லாம் இன்னும் மோசம். அமிலத்துக்கு அசையாத பாலிபுரோப்பிலீன் இவற்றை உள்ளே உறிஞ்சி உப்பும், நாளடைவில் நிறம் திட்டுத் திட்டாகும்.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். பல டூத்பேஸ்ட்டுகளில் தேய்க்கும் பொடியாகச் சேர்க்கப்படுவதே கால்சியம் கார்பனேட். எடுக்க வேண்டிய பொருளையே கொண்டுபோய்க் குழிக்குள் அப்பக் கூடாது. வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்து நுரைக்க விடுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த நுரையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. கறைக்கு வேலை செய்ய அமிலம் மிச்சம் இருக்காது.

வேண்டியதெல்லாம் மிதமான அமிலம், நல்ல தண்ணீர், நிழல், பொறுமை. மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். அதில் அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நாலோ ஐந்தோ பங்கு இருக்கும். அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து ஒரு ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். சிட்ரிக் ஆசிட் தூளையும் சிலர் பயன்படுத்துகிறார்கள். அதுவும் வேலை செய்யும், ஆனால் என் விருப்பம் வினிகர்தான். வினிகர் சுண்ணாம்போடு சேர்ந்து உண்டாக்கும் கால்சியம் அசிட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரைந்து ஓடிவிடும். சிட்ரிக் ஆசிட் உண்டாக்கும் கால்சியம் சிட்ரேட் அவ்வளவு எளிதில் கரையாது. காய விட்டால் ஒரு வெள்ளையை எடுத்துவிட்டு இன்னொரு வெள்ளையை வைத்த கதையாகும்.

மாமாவின் வண்டியைச் சாயங்காலம், பிளாஸ்டிக் ஆறிய பிறகு எடுத்தோம். முதலில் கார் ஷாம்பு போட்டு மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே யாராவது டயர் பாலிஷ் அடித்திருந்தால் இது இன்னும் முக்கியம், எண்ணெய்ப் படலம் இருந்தால் வினிகர் கல்லைத் தொடாது. பிறகு ஒரு ஓரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், வினிகர்த் தண்ணீரை வைத்துப் பார்த்தோம். ஒரு நிமிடத்தில் வளையம் கரைந்தது. காய்ந்த பிறகும் திரும்ப வரவில்லை. அதுதான் சோதனை. காய்ந்ததும் அதே வெள்ளை திரும்ப வந்தால் அது சுண்ணாம்பு இல்லை. பெயின்ட்டுக்குப் பக்கத்தில், ஓரத்தை ஒட்டிக் கோடாக இருக்கும் வெள்ளை பெரும்பாலும் பாலிஷோ வாக்ஸோ குழிக்குள் காய்ந்தது. அதற்கு வினிகர் பயன்படாது, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் வரும்.

சக்கர வளைவு செங்குத்தாக இருப்பதால் ஸ்பிரே அடித்தால் வழிந்துவிடும். ஒரு பழைய பனியன் துணியை வினிகர்த் தண்ணீரில் நனைத்து, அப்படியே ஒட்டி வைத்தோம். இரண்டு நிமிடம் போதும். காய மட்டும் விடக் கூடாது. எடுத்துவிட்டு மென்மையான பழைய பல் பிரஷால், அழுத்தாமல், வட்டமாகத் தேய்த்தால் குழிக்குள் இருப்பதும் கிளம்பி வரும். உடனே தண்ணீர் விட்டு அலச வேண்டும். தடிமனாகப் படிந்த இடத்தில் இன்னொரு முறை செய்ய வேண்டியிருக்கலாம். அப்படியும் ஏதாவது நின்றால் அது ஜிப்சமாகவோ சிலிக்காவாகவோ இருக்கும். இரண்டும் வினிகருக்கு மசியாதவை. அதற்காக அமிலத்தின் வீரியத்தை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. பிரஷும் சில வாரக் கழுவலும் மெதுவாகக் குறைத்துவிடும்.

கழிவறை கழுவும் ஆசிட் பக்கம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளாஸ்டிக் தாங்கிவிடும், ஆனால் அதன் ஆவி பிரேக் டிஸ்க்கையும் போல்ட்டுகளையும் துருப்பிடிக்க வைக்கும், நம் நுரையீரலையும் விடாது. அதோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது உயிருக்கே ஆபத்து. வினிகரையும் பிளீச்சோடு சேர்க்கக் கூடாது. கீழே கடப்பா கல் பாவியிருந்தால் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கடப்பா கல்லும் சுண்ணாம்புக்கல்தான். வினிகர் சொட்டிய இடமெல்லாம் மெருகு போய்விடும்.

இத்தனையும் செய்த பிறகு போர் தண்ணீரிலேயே கடைசி அலசல் அலசி, அப்படியே விட்டால் பழையபடி வளையம் வந்து உட்காரும். கடைசியாக வண்டி மேல் எந்தத் தண்ணீர் காய்கிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இங்கேதான் அக்காவோடு கொஞ்சம் வாதாட வேண்டிவந்தது. அவள் வீட்டில் ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து, வண்டி கழுவ வருகிற அண்ணனிடம் கொடுப்பாள். "தண்ணியை வீணாக்கலாமாடா? லாரிக்கு என்ன விலை கொடுக்கறோம் தெரியுமா?" என்றாள். அவள் கேட்டது நியாயம். 2019 கோடையில் சென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் யாரும் ஒரு குவளைத் தண்ணீரைக்கூட அலட்சியமாகக் கொட்ட மாட்டார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். 1,500 அளவுள்ள தண்ணீர் மூன்று லிட்டர் உள்ளே போனால் நாலரை கிராம் உப்பு உள்ளே போகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீராகக் குடத்துக்கு வருகிறது, அதில் உப்பு மிகக் கொஞ்சம். மிச்சம் இரண்டு லிட்டரில்தான் கிட்டத்தட்ட முழு உப்பும் இருக்கிறது. அதாவது லிட்டருக்கு 2,200-ஐ ஒட்டி. போர் தண்ணீரைவிட அடர்த்தியான உப்புத் தண்ணீரால் புது வண்டியைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றலாம், பால்கனித் தரை துடைக்கலாம். வண்டிக்கு மட்டும் வேண்டாம் என்றேன். மீட்டரைப் பக்கெட்டில் வைத்துக் காட்டியதும் ஒப்புக்கொண்டாள்.

அதற்குப் பதிலாக வீட்டிலேயே இலவசமாகக் கிடைக்கிற ஒரு தண்ணீர் இருக்கிறது. ஏ.சி.யிலிருந்து சொட்டுவது. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து நீராவதால் அதில் சுண்ணாம்பு வர வழியே இல்லை. குடிக்கக் கூடாது, சுருளில் படிந்த தூசியும் கிருமியும் கலந்திருக்கும். வண்டியின் கடைசி அலசலுக்கு அதைவிட நல்லது கிடைக்காது. சென்னையின் புழுக்கத்தில் ஒரு இரவு ஓடினால் பக்கெட்டின் அடியில் நல்ல அளவு சேர்ந்துவிடும். துணியில் வடிகட்டி ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் கறுப்புப் பாகங்கள் முழுவதற்கும் போதும். மழைத் தண்ணீரும் அப்படியே, முதல் மழையில் மொட்டை மாடித் தூசி அடித்துப் போன பிறகு பிடித்ததாக இருந்தால்.

அலசியதும் காய்வதற்கு முன் துடைக்க வேண்டும். பெயின்ட்டுக்கு ஒரு மைக்ரோஃபைபர் துணி, பிளாஸ்டிக்குக்கு வேறு துணி. கீழ்ப் பாகங்களில் மண் துகள் இருக்கும், அதே துணி பெயின்ட்டுக்குப் போனால் கீறல் விழும். எல்லாம் துடைத்து முடித்ததாக நினைத்தபின் பக்கக் கண்ணாடியின் உள்ளேயிருந்தும் ஜன்னல் ரப்பரிலிருந்தும் தண்ணீர் மெதுவாகக் கசிந்து வழியும். கதவில் நீளக் கோடாக இறங்கும் வெள்ளைத் தடத்துக்குக் காரணம் இதுதான். கொஞ்ச நேரம் பொறுத்து அந்த இடங்களை மறுபடி ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

வண்டி கழுவும் அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒரே வரியில் பதில் சொன்னார்: "சார், காலைல ஏழு மணிக்குள்ள இருபது வண்டி முடிக்கணும். துடைக்க நேரம் எங்க?" அவர் நிலைமை எனக்குப் புரிந்தது. மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு வண்டி என்று கணக்குப் போட்டு வேலை செய்பவரிடம் இருபது நிமிடம் அதிகம் கேட்பது நியாயமில்லை. அதனால் இப்படிப் பேசி முடித்தோம். தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். வாரத்தில் பெரும்பாலான நாள் தூசி மட்டும் தட்டினால் போதும். "அண்ணே, வாரம் ஒரு நாள் கழுவுங்க, அன்னைக்குத் துடைக்கறதுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்க, அதுக்குத் தனியா தர்றோம்" என்று மாமா சொன்னார். தண்ணீரும் மிச்சம், அவருக்கும் சிரமமில்லை.

ஸ்டில்ட் பார்க்கிங்கிலும் பேஸ்மென்ட்டிலும் நிறுத்துகிறவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் மேல் சிலாபிலிருந்து சொட்டும் தண்ணீர் சிமென்ட்டிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. அது சாதாரண உப்புக்கறையைவிடக் கடுமையானது, காரத்தன்மை உள்ளது. பிளாஸ்டிக்கில் விழுந்தால் வினிகரில் போய்விடும். பெயின்ட்டில் விழுந்து நாள்கணக்கில் இருந்தால் மேல்பூச்சையே அரித்துவிடும். அந்த இடத்தை விட்டு வண்டியை மாற்றி நிறுத்துவதுதான் முதல் வேலை.

சுத்தமான பிளாஸ்டிக் மேல் ஏதாவது பூசுவது நல்லதா என்றால், நல்லதுதான். தண்ணீர் கலந்த, பிசுபிசுக்காத டிரிம் பாலிஷாகப் பார்த்து வாங்கி, துணியில் எடுத்துத் தடவி, மிச்சத்தைத் துடைத்துவிடலாம். மழை இரண்டு மூன்று தடவை அடித்தால் குறைந்துவிடும், திரும்பப் போட வேண்டும். செராமிக் கோட்டிங் இன்னும் நீண்ட நாள் நிற்கும். ஆனால் கறையை முழுக்க எடுத்த பிறகுதான் அதைப் பூச வேண்டும், இல்லையென்றால் வளையங்களும் அடியில் சிக்கிக்கொள்ளும். கதவுகளுக்கு நடுத் தூணிலும் கிரில்லிலும் வருகிற பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக் வேறு ரகம். அதில் பிரஷ் கூடாது. வினிகரில் நனைத்த மைக்ரோஃபைபரை வைத்து எடுத்து, அலசி, ஒற்றி எடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் ஒரு தடவை இழுத்தாலே மெல்லிய கீறல் விழுந்துவிடும்.

இனிமேல்தான் வண்டி எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். டெலிவரிக்கு முன் வண்டி வெட்டவெளி யார்டில் நின்றிருக்கும், அங்கே கிடைக்கும் தண்ணீரில் கழுவி வெயிலில் காய விட்டிருப்பார்கள். மாலை போட்டுச் சாவி கொடுக்கும் நேரத்தில் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும், ஈரத்திலும் பாலிஷிலும் வளையம் தெரியாது. ஒரு நாள் முன்னதாகப் போய், பகல் வெளிச்சத்தில், கழுவாமல் பாலிஷ் போடாமல் உலர்ந்த நிலையில் வண்டியைக் காட்டச் சொல்லுங்கள். கறை இருந்தால் அங்கேயே எடுத்துத் தரச் சொல்லலாம். கோட்டிங்குக்குப் பணம் கட்டியிருந்தால், கறுப்புப் பாகங்களைப் பார்த்து முடிக்கும் வரை பூச வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.